நாயின் தோலும் நம் கடமையும்

'சொறிநாய்' என்பது தமிழில் வசைச்சொல்லாக வழங்குகிறது. உண்மையில் அச்சொல் ஒரு நோயையே குறிக்கிறது. அந்நோய் மருந்தால் தீரக்கூடியது. இதனை அறியாமல், மயிர் உதிர்ந்த நாயைக் கல்லெறிந்து விரட்டுவோர் உளர். தாம் வளர்த்த நாயையே தெருவில் விட்டுவிடுவோரும் உளர்.

திருவனந்தபுரம் கடலோர நகரம். இங்கு ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நனைந்த நாயின் மயிர் எளிதில் உலர்வதில்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்த தோலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ஒட்டிக்கொள்கின்றன. நாய் ஓயாமல் சொறிகிறது. மயிர் உதிர்ந்து தோல் தடிக்கிறது.

இந்நிலையில் சிலர் மண்ணெண்ணெயையோ, வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயையோ பூசுகின்றனர். இது பெருந்தீங்கு. நாய் தன் உடலை நக்கும் இயல்புடையது. பூசிய நஞ்சு அதன் வயிற்றுக்குள் செல்லும். மனிதர்க்குரிய சோப்பும் நாய்க்கு ஏற்றதன்று. மனிதத் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. அதன் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியதும் ஆகும்.

எனவே மருத்துவரை நாடுவதே முறை. கேரளத்தில் கால்நடை மருத்துவமனையை மக்கள் 'மிருகாசுபத்திரி' என்பர். திருவனந்தபுரத்தை அடுத்த குடப்பனக்குன்றில் அரசின் பல்துறைச் சிறப்புக் கால்நடை மருத்துவமனை உள்ளது. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்க்கெனத் தனிப்பிரிவே இயங்குகிறது.

மருத்துவர் முதலில் வினவுவார். அரிப்பு எப்போது தொடங்கியது? நாய் என்ன உண்கிறது? வீட்டில் வேறு எவர்க்கேனும் அரிப்பு உண்டா? இறுதி வினா மிக இன்றியமையாதது. ஏனெனில் படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் நாயிடமிருந்து மனிதர்க்கும் தொற்றும்.

பின்னர், மழுங்கிய கத்தியால் தோலை மெல்லச் சுரண்டி, கிடைத்த துகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியால் காண்பார். சொறியை உண்டாக்கும் நுண்ணிய சிற்றுண்ணிகள் முதன்மையாக இருவகைப்படும். 'சார்கோப்டிஸ்' தோலைத் துளைத்து வாழும்; விரைந்து தொற்றும். 'டெமோடெக்ஸ்' மயிர்க்கால்களில் வாழும். நலமான நாயிடமும் அது சிறிதளவு இருக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகும். நாயின் டெமோடெக்ஸ் மனிதர்க்குத் தொற்றுவதில்லை. இரண்டாலும் மயிர் உதிரும். வெறுங்கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. காரணம் வேறாயின் மருத்துவமும் வேறு.

சொறிக்குப் பயன்படும் மருந்துகளுள் ஒன்று ஐவர்மெக்டின். இம்மருந்துக்கு வழிவகுத்த ஆய்வுக்காகச் சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் ஆகியோர் 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர். எனினும் கோலி இன நாய்கள் பலவற்றுக்கு அம்மருந்து மிகுந்தால் மூளையைத் தாக்கி உயிர்க்கே ஊறு நேரலாம். ஆதலால் ஒரு நாய்க்குத் தந்த மருந்தை மற்றொன்றுக்குத் தாமாகவே தருதல் கூடாது.

மருத்துவம் சில வாரங்கள் நீடிக்கலாம். மயிர் மீண்டும் முளைத்ததும் மருந்தை நிறுத்திவிடாமல், மருத்துவர் சொல்லும்வரை தொடர்தல் வேண்டும். நோயுற்ற நாயைத் தொட்டபின் கைகளைக் கழுவுதலும், அதன் படுக்கையைத் துவைத்து வெயிலில் உலர்த்துதலும் நம் கடமைகள். கல்லெறிந்தால் நாய் மட்டுமே விலகும். மருந்திட்டால் நோய் விலகும்.

அருஞ்சொற்பொருள்
வசைச்சொல் – இழித்துரைக்கும் சொல்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
ஊறு – துன்பம், கேடு

வினாக்கள்
1. மழைக்காலத்தில் நாய்களுக்குத் தோல் நோய் மிகுவது ஏன்?
2. தோல் துகளை நுண்ணோக்கியால் காண்பதன் பயன் யாது?
3. 'சொறிநாய்' என்று பிறரை வசைபாடுவது முறையா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.