படத்தை வாங்கியவரும் படைத்தவரும்

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் தேதி, கிறிஸ்டீஸ் என்னும் புகழ்பெற்ற ஏல ஸ்தாபனம், பீப்பிள் என்ற புனைபெயரில் வரையும் அமெரிக்கக் கலைஞர் மைக் விங்கெல்மன் 2007 முதல் நாளொன்றுக்கு ஒன்றாக விடாமல் வரைந்து வந்த 5,000 சித்திரங்களை ஒரே சதுரத்துக்குள் அடக்கிச் சேர்த்த கணினிப் படமொன்றை, என்.எஃப்.டி. எனப்படும் டிஜிட்டல் டோக்கன் வடிவில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும் சிங்கப்பூரில் தொழில் நடத்துபவருமான விக்னேஷ் சுந்தரேசன். விலையைப் பற்றி உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. ஆனால் இவ்வளவு பெரிய தொகை கைமாறிய பின்னும் அச்சித்திரத்தின் பதிப்புரிமை கைமாறவில்லை. வாங்கியவர் அதைக் காட்சிக்கு வைக்கலாம். அச்சிட்டு விற்பதும், துணியில் பதிப்பதும், அதைத் தழுவி வேறொன்று படைப்பதும் கலைஞரின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கும் காரியங்களே.

விவரம் அறிந்து வாங்குகிறவருக்கு இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்களைக் கொடுத்து ஓர் என்.எஃப்.டி.யை வாங்கிவிட்டு, ‘பணம் கொடுத்தேன், படம் என்னுடையது’ என்ற நம்பிக்கையில் அப்படத்தைத் தம் கடைப்பலகையிலும் பனியனிலும் போட்டுக்கொள்ளும் சாமானிய மனிதர்களும், தம் சித்திரத்தை விற்ற மறுகணமே அதன்மீது தமக்கிருந்த பாத்தியம் முழுவதும் போய்விட்டதாக எண்ணும் இளங்கலைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரு சாராருக்கும் இவ்விவகாரத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டியது அவசியம் என்று கருதுகிறேன்.

என்.எஃப்.டி.யின் ஸ்வரூபத்தை ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். எதீரியம் முதலிய பிளாக்செயின் என்பது, எவரோ ஒருவர் தம் இஷ்டத்துக்குத் திருத்திவிட முடியாதபடி உலகெங்கும் பரந்து கிடக்கும் கணினிகள் பல சேர்ந்து காத்துவரும் ஒரு பொதுக் கணக்கேடு. அதில் எழுதி வைக்கப்பட்ட ஒரு நிரலுக்குள் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே, எழுத்தும் இலக்கமும் கலந்து நாற்பது இடம் நீளும் ஒரு முகவரி இருக்கும். டோக்கன் இன்று எவர் வசம் இருக்கிறது என்பதை அம்முகவரி சொல்லுகிறது. படம் எங்கே என்று தேடினால், அந்த எண்ணோடு சேர்ந்த ஓர் இணைப்பு கிடைக்கும். அதைத் தொடர்ந்து சென்றால் ஒரு சிறு குறிப்புக் கோப்பு திறக்கும். அதில் படைப்பின் பெயரும், நாலு வரி வருணனையும், படம் வேறெங்கோ இருக்கிற இடத்தைக் காட்டும் மற்றோர் இணைப்பும் இருக்கும். பீப்பிளின் படம் நீளத்திலும் அகலத்திலும் 21,069 புள்ளிகள் கொண்டது. அதன் கோப்பு 30 கோடி பைட்டுக்கு மேற்பட்டது. அத்தனையையும் கணக்கேட்டுக்குள்ளேயே எழுதினால் ஆகும் செலவு தாங்காது ஆதலால், அது ஐ.பி.எஃப்.எஸ். என்னும் பொதுக் கோப்புக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. ஆகவே, விற்பனையின்போது உண்மையில் மாறுவது வரிசை எண்ணுக்கு நேரே உள்ள முகவரி ஒன்றே. நாம் ஒரு வீட்டை வாங்கிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியும்போது, அப்பதிவின் பின்னால் அரசாங்கத்தின் சட்டம் நின்று அதற்குப் பலம் தருகிறது. பதிப்புரிமையைப் பொறுத்தமட்டில் டோக்கன் பதிவுக்கு அத்தகைய பலம் கிடையாது.

பொருள் வேறு, பொருளில் அடங்கிய சிருஷ்டியின் உரிமை வேறு என்பது கணினி யுகத்தில் பிறந்த நியாயம் அன்று. 1741-இல், ஆங்கிலக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் எழுதிய கடிதங்களை அவருடைய அனுமதியின்றி எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி அச்சிட்டபோது, வழக்கை விசாரித்த ஹார்ட்விக் பிரபு, கடிதம் பெற்றவருக்குக் காகிதத்தில் பாத்தியம் உண்டேயன்றி, அதில் எழுதியதை உலகுக்கு வெளியிடும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது என்று தீர்ப்பளித்தார். இந்த நியாயம் எல்லா இடத்திலும் தடையின்றி நிலைத்துவிடவில்லை. அமெரிக்காவில் 1942-இல் நியூயார்க் நீதிமன்றம், கலைஞர் எதையும் தமக்கென்று நிறுத்தி வைக்காமல் சித்திரத்தை விற்றுவிட்டால் அதை மறுபதிப்புச் செய்யும் உரிமையும் கூடவே போய்விடும் என்று தீர்மானித்தது. ஏழ்மையில் விற்ற எத்தனை கலைஞர்களை அந்தத் தீர்மானம் வெறுங்கையோடு அனுப்பியிருக்கும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. பின்னர் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, பொருளின் உடைமையும் பதிப்புரிமையும் தனித்தனி என்றும், ஒன்றை விற்பதால் மற்றது விற்றதாகாது என்றும், பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவும் கையெழுத்திட்ட சாசனம் இல்லாத ஒப்படைப்புச் செல்லாது என்றே கூறுகிறது. அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகுகூட, ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளவும், தம் கீர்த்திக்குப் பங்கம் வரும்படி அதைச் சிதைப்பவரைத் தடுக்கவும் கர்த்தாவுக்கு அதிகாரம் அளிக்கிறது.

இந்நியாயத்தை மறந்ததால் வந்த சங்கடத்துக்கு 2021 நவம்பரில் பாரிஸில் நடந்த சம்பவம் நல்ல உதாரணம். எழுபதுகளில் அலெஹாந்த்ரோ ஹோடரோவ்ஸ்கி ‘டியூன்’ நாவலைத் திரைப்படமாக்க முயன்று, அது கைகூடாமற் போனபோது எஞ்சியது, சித்திரங்களும் காட்சி விவரங்களும் நிறைந்த ஒரு பெருந்தொகுப்பு நூல். மிகச் சில பிரதிகளே உள்ள அந்நூலின் ஒரு பிரதியை, கிரிப்டோ பணம் திரட்டிய ஒரு குழுவினர் 26 லட்சத்து 60 ஆயிரம் யூரோவுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போவதாகவும், அதைக் கொண்டு அனிமேஷன் தொடர் தயாரிக்கப் போவதாகவும் அவர்கள் அறிவித்த பிறகே, நாவலின் உரிமை நாவலாசிரியரின் வாரிசுகளிடமும், சித்திரங்களின் உரிமை வரைந்தவர்களைச் சார்ந்தும் இருக்கிறது என்பதைப் பிறர் எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. அவர்கள் வாங்கியது கையில் பிடிக்கக்கூடிய ஒரு புத்தகம். புத்தகத்துக்கே இந்தக் கதி என்றால், கோப்பைச் சுட்டும் ஓர் எண்ணை வாங்குகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்!

அப்படியானால் வாங்குகிறவருக்கு என்னதான் கிடைக்கிறது? டோக்கனோடு சேர்த்து விற்பவர் எழுதிக் கொடுக்கும் உரிமத்தில் என்ன கண்டிருக்கிறதோ அதுவே. உரிமங்களோ ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. 2017-இல் பிரபலமான கிரிப்டோகிட்டீஸ் பூனைப் படங்களுக்குப் பின்னர் வகுக்கப்பட்ட உரிமம், உடையவர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வரை அப்படத்தை வைத்து வியாபாரம் செய்யலாம் என்று எல்லை வகுத்தது. 2021 ஏப்ரலில் யுகா லாப்ஸ் வெளியிட்ட போர்ட் ஏப் என்னும் 10,000 குரங்குப் படங்களுக்கு வியாபார உரிமை தாராளமாகவே தரப்பட்டது. மூன்பர்ட்ஸ் என்னும் பறவைப் படங்களை வெளியிட்டவர்களோ, 2022 ஆகஸ்டில் திடீரென்று அப்படங்களின் பதிப்புரிமையையே துறந்து எவரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டார்கள். தமக்கென்று தனி உரிமை உண்டு என்று நம்பிப் பெருந்தொகை கொடுத்தவர்கள், தம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கொதித்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். விற்றவர் தாமாகவே மாற்றிக்கொள்ளக்கூடிய உரிமத்தை உரிமை என்று அழைப்பது பொருந்தாது.

மறுவிற்பனையில்தான் இவ்விஷயம் மேலும் சிக்கலாகிறது. நாம் வாங்கிய புத்தகத்தைப் படித்துவிட்டுப் பழைய புத்தகக் கடையில் விற்க எவர் அனுமதியும் தேவையில்லை. முதல் விற்பனையோடு அந்தப் பிரதியின் மீது ஆசிரியருக்குள்ள விற்பனைக் கட்டுப்பாடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் கணினிக் கோப்பை ஒருவருக்கு அனுப்புவதென்றால் புதிதாக ஒரு பிரதி உண்டாகிறது என்ற காரணத்தால், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் பழைய பாட்டுக் கோப்புகளை விற்ற ரீடிஜி என்னும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019-இல் மின்னூல்களை மறுவிற்பனை செய்வதற்கு இச்சலுகை இல்லை என்றது. டோக்கன் விற்பனையில் கோப்பு கைமாறுவதில்லை, கணக்கேட்டின் பதிவு மட்டுமே மாறுகிறது என்பதால் விற்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் டோக்கனை விற்றுவிட்டவர், முன்பு தமக்கிருந்த உரிமத்தின் பலத்தில் அச்சடித்து வைத்த சட்டைகளை என்ன செய்வது? அமெரிக்க நடிகர் செத் கிரீன் தம்முடைய குரங்குப் படத்தைக் கதாபாத்திரமாக்கித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கையில், 2022 மே மாதம் போலி இணையதளம் ஒன்றில் ஏமாந்து அதைத் திருடர்களிடம் பறிகொடுத்தார். திருடியவரிடமிருந்து அது வேறொருவர் கைக்குப் போயிற்று. டோக்கன் எவரிடமோ உரிமமும் அவரிடம் என்றால், அந்தத் தொடரை வெளியிடும் அதிகாரம் யாருடையது? நீதிமன்றம் சொல்லும் பதிலுக்குக் காத்திராமல், ஏறக்குறைய 3 லட்சம் டாலர் பெறுமான ஈதர் என்னும் கிரிப்டோ நாணயத்தைக் கொடுத்துத் தம் பொருளையே அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

விற்பவருக்கே உரிமை இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. அவை சொற்பமும் அல்ல. ஓப்பன்ஸீ என்னும் பெரிய சந்தையே 2022 ஜனவரியில், தன்னுடைய இலவசக் கருவியைக் கொண்டு உருவாக்கப்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை திருட்டுப் படங்கள், போலித் தொகுப்புகள், குப்பைகள் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சீனாவின் ஹாங்சௌ இணைய நீதிமன்றம் விசாரித்த வழக்கில், தடுப்பூசி போட்டுக்கொள்ளும் கொழுத்த புலிக்குட்டியின் படம் ஒன்று 899 யுவானுக்கு டோக்கனாக விற்கப்பட்டிருந்தது. படத்தின் மூலையில் அதை உண்மையில் வரைந்தவரின் சமூக வலைத்தள முத்திரை அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. முத்திரையைக்கூடப் பார்க்காமல் விற்பனைக்கு இடம் கொடுத்த தளத்தையும் நீதிமன்றம் பொறுப்பாளியாக்கி, அந்த டோக்கனை எவரும் எடுக்க முடியாத முகவரிக்கு அனுப்பி ஒழிக்கச் செய்ததோடு, 4,000 யுவான் நஷ்ட ஈடும் விதித்தது. கணக்கேடு பொய் சொல்லாது என்பது உண்மை. ஆனால் பொய்யை எழுதினாலும் அது அப்படியே காத்து வைக்கும்.

கலைஞர்களின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்.எஃப்.டி. தோன்றிய காலத்தில் அதைக் கலைஞர்கள் ஆவலோடு வரவேற்றதற்கு முக்கிய காரணம், படம் ஒவ்வொரு முறை மறுவிற்பனையாகும்போதும் ஒரு பங்கு, சில இடங்களில் 10 சதவீதம் வரை, தம்மை வந்து சேரும் என்ற வாக்குறுதிதான். அந்த வாக்குறுதியைக் காத்தது சட்டமும் அன்று, கணக்கேடும் அன்று. சந்தைகள் தாமாக முன்வந்து அனுசரித்த வழக்கமே. 2022 அக்டோபரில் பிளர் என்னும் புதிய சந்தை பங்கைக் குறைத்து வியாபாரிகளை இழுக்க, போட்டியில் பின்தங்கிய ஓப்பன்ஸீயும் 2023 ஆகஸ்டில் அதைக் கட்டாயமாக வசூலிப்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. இதற்கு மாறாக, பிரான்ஸ் தேசம் 1920-லேயே கலைஞருக்கு மறுவிற்பனைப் பங்கைச் சட்டமாக்கியது. நம் சட்டத்தின் 53-ஏ பிரிவும், 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியம், சிற்பம் முதலியவற்றின் மூலப்பிரதிக்கு, 10 சதவீதத்துக்கு மிகாத பங்கைக் கலைஞருக்கோ வாரிசுக்கோ வழங்குகிறது. ஆனால் அப்பிரிவு மூலப்பிரதியை அடிப்படையாகக் கொண்டது. எத்தனை பிரதி எடுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும் கணினிப் படத்தின் டோக்கனை அதற்குள் அடக்குவது எளிதல்ல. நம் நாடாளுமன்றத்தார் இதைத் திருத்திக் கணினிக் கலைஞருக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

டோக்கனே ஒரு சொத்து என்பதை நீதிமன்றங்கள் படிப்படியாக ஏற்று வருகின்றன. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு குரங்குப் படத்தின் டோக்கனைச் சொத்தாகக் கருதி அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ நாணயத்தைச் சொத்து என்று அங்கீகரித்தது. வருமான வரித்துறையும் 2022 ஏப்ரல் முதல் இவற்றின் லாபத்துக்கு 30 சதவீத வரி கேட்கிறது. ஆனால் டோக்கன் சொத்தாவதால் படத்தின் பதிப்புரிமை அதற்குள் வந்து புகுந்துவிடாது.

ஆகையால், வாங்க விரும்பும் அன்பர்கள் பணத்தை அனுப்புவதற்கு முன் உரிமத்தைக் கேட்டு வாங்கி, படத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், பிறருக்கு விற்றால் அவருக்கும் அவ்வுரிமை செல்லுமா, விற்பவர் பிறகு நிபந்தனையை மாற்றலாமா, படைத்தவர் உண்மையில் இவர்தானா என்பவற்றைப் படித்துப் பார்க்கவேண்டும். பதிப்புரிமையே வேண்டுமென்றால் கலைஞரின் கையொப்பத்தோடு தனிச் சாசனம் எழுதிக்கொள்ளவேண்டும். அதில் காலத்தைக் குறிக்காவிட்டால் இந்தியச் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளும். கலைஞர்களும் எதைக் கொடுக்கிறோம், எதை நிறுத்தி வைக்கிறோம் என்பதை விற்பதற்கு முன்பே தங்கள் கைப்பட எழுதி வைக்கட்டும்.