பார்க் இடம் எங்கே போனது?

"இங்கே பார்க் வரும்னு சொல்லித்தான் மனை வித்தாங்க" என்று மனுவோடு அலைகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மனுவில் சர்வே எண் இருக்காது, மனைப்பிரிவு அனுமதி எண்ணும் இருக்காது. அது மேசை மேசையாகச் சுற்றி "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு முடியும். அதற்குள் அந்த இடத்தில் யாரோ சுற்றுச்சுவர் எழுப்பியிருப்பார்கள்.

தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டலாம். நெரிசலான பழைய பகுதிகளில் பெரிய மனைப்பிரிவு வருவதில்லை. எனவே பூங்காவும் வருவதில்லை. கட்டிய பணம் எங்கே செலவானது என்று கேட்கவும் ஆளில்லை.

செய்ய வேண்டியது இதுதான்:

1. சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்குங்கள். விற்பனையாளர் தந்த வண்ணப் படம் சான்றாகாது.

2. பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். தானப் பத்திரம் பதிவானதா என்பது அதில் தெரியும்.

3. தாசில்தார் அலுவலகத்தில் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். பத்திரம் பதிந்தும் பட்டா மாறாத இடம் மறுபடி விலைபோகும் ஆபத்து உண்டு. அதிகாரிகளின் இந்த அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

4. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்புங்கள். உங்கள் வார்டில் தானமாக வந்த இடங்கள் எவை, ஈடாக வசூலான தொகை எவ்வளவு, எந்த வார்டில் செலவானது என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

இந்தத் தாள்களை இணைத்து உள்ளாட்சி ஆணையரிடம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பூங்காவே இல்லாத பகுதி என்றால், அங்கே இருக்கும் புறம்போக்கு நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கை வையுங்கள்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் நீதிமன்றமும் போகலாம். பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது.

மறுபடியும் சொல்கிறேன்: சர்வே எண் இல்லாமல் மனு எழுதாதீர்கள். சுவர் எழும்பும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.