ரஜாக்கர், வீராங்கனை: வங்கதேசப் போர் விட்டுச்சென்ற இரண்டு சொற்கள்

2024 ஜூலை 14, நள்ளிரவு. டாக்கா பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து மாணவர்களும் மாணவிகளும் திரண்டு வந்து முழக்கமிட்டார்கள்: “நீ யார்? நான் யார்? ரஜாக்கர், ரஜாக்கர்!” வங்கதேசத்தில் இதைவிடக் கொடிய வசவு கிடையாது. அந்த வசவை ஏன் தாங்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள்? விடை தேட 1971-க்குப் போக வேண்டும். உண்மையில் அதற்கும் முன்னால்.

இன்றைய வங்கதேசம் அப்போது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த பாகிஸ்தான் நிறுவனர் ஜின்னா, பாகிஸ்தானின் அரசு மொழி உருது மட்டுமே என்று அறிவித்தார். அந்நாட்டு மக்களில் பாதிக்கும் மேலானவர்கள் பேசியது வங்காள மொழி. 1952 பிப்ரவரி 21 அன்று தடையை மீறி ஊர்வலம் புறப்பட்ட மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள், கட்டட வேலைக்காக மருத்துவமனையில் கிடந்த செங்கல்லையும் சிமென்டையும் எடுத்து, ஒரே இரவில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். மூன்றே நாளில் போலீஸ் அதை இடித்துத் தள்ளியது. இன்று உலகம் முழுதும் பிப்ரவரி 21-ஐத் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறோமே, அது அந்த ரத்தத்தில் பிறந்த நாள்.

மொழியோடு விஷயம் முடியவில்லை. கிழக்கின் சணல் ஈட்டிய அந்நியச் செலாவணி மேற்கை வளர்த்தது. ராணுவமும் அதிகாரமும் மேற்கின் கையில். 1970 நவம்பரில் போலா புயல் லட்சக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனபோது அரசு காட்டிய மெத்தனத்தை மக்கள் மறக்கவில்லை. அடுத்த மாதத் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத்தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்குமே அது பெரும்பான்மை. ஆனாலும் ஆட்சியை ஒப்படைக்க ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானுக்கு மனம் வரவில்லை. 1971 மார்ச் 25 இரவு ராணுவம் டாக்கா நகருக்குள் இறங்கியது. ஜகந்நாத் ஹால் விடுதி மாணவர்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது மாதப் போரில் சுமார் 1 கோடி பேர் இந்தியாவுக்கு அகதிகளாக வந்தனர். இறந்தவர்கள் 30 லட்சம் என்கிறது வங்கதேச அரசு. ஆய்வாளர்கள் சிலரின் கணக்கு அதைவிடக் குறைவு.

அந்த ராணுவத்துக்குத் துணை நின்ற உள்ளூர்ப் படைதான் ரஜாக்கர். ‘தொண்டர்’ என்பது பொருள். ஹைதராபாத் நிஜாம் காலத்திலேயே நம் பக்கத்தில் காதில் விழுந்த பெயர்தான். யார் வீட்டில் விடுதலை வீரன் ஒளிந்திருக்கிறான், எது இந்து வீடு என்று ராணுவத்துக்குக் கைகாட்டியவர்கள் இவர்கள்.

விடுதலைக்குப் பின் கதை கோணலானது. 1974-ல் பஞ்சம். 1975 தொடக்கத்தில் முஜிப் மற்றக் கட்சிகளைக் கலைத்து ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார். ஜனநாயகத்துக்காகச் சிறை சென்றவர் செய்த பெரும் பிழை அது. ஆகஸ்ட் 15 அன்று ராணுவ அதிகாரிகள் அவரைத் தன்மண்டி வீட்டில் குடும்பத்தினர் பலரோடு கொன்றார்கள். கொலையாளிகளை விசாரிக்கவே கூடாதென்று அவசரச் சட்டம் வந்தது. போர்க்களத்தில் நின்று விடுதலையை வானொலியில் அறிவித்த ஜியாவுர் ரஹ்மானே, அதிபரான பின் விடுதலையை எதிர்த்த ஷா அஜிஜுர் ரஹ்மானைப் பிரதமராக்கினார்.

முஜிபின் மகள் ஷேக் ஹசீனா பிரதமராகிப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் அமைத்தபோது, தாமதமானாலும் நீதி வந்ததே என்று பலர் கண்ணீர் விட்டார்கள். ஆனால் நாளடைவில், எதிர்த்துப் பேசியவர்கள் எல்லாம் ரஜாக்கர் ஆனார்கள். 2014 தேர்தலில் 300 தொகுதிகளில் 153-ல் போட்டியே இல்லை. அரசு வேலையில் 30 சதவீதம் விடுதலை வீரர்களின் பிள்ளைகளுக்கு, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு என்று நீண்டது. ஒரு நாடே நடத்திய போர், சில குடும்பங்களின் பட்டாவாக மாறியது. இட ஒதுக்கீட்டை எதிர்த்தவர்களைக் குறித்து, வீரர்களின் பேரன்களுக்குக் கொடுக்காமல் ரஜாக்கர்களின் பேரன்களுக்கா கொடுப்பது என்று ஹசீனா கேட்ட நாளின் இரவில்தான் அந்த முழக்கம் எழுந்தது. அடுத்த சில வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். ஆகஸ்ட் 5 அன்று ஹசீனா இந்தியாவுக்குத் தப்பினார். தன்மண்டி வீடு எரிந்தது. 2025 பிப்ரவரியில் இடித்தும் தள்ளினார்கள்.

ஹசீனா தப்புவதற்கு முன்பே வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்த 30 சதவீதத்தை 5 ஆக்கியது. அந்த ஐந்தில் வீரர்களின் பிள்ளைகளோடு ‘பீராங்கொனா’க்களின் பிள்ளைகளும் உண்டு. நம் ‘வீராங்கனை’தான் அந்தச் சொல். போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு, ஊரும் உறவும் அவர்களை ஒதுக்கிவிடக் கூடாதே என்று முஜிப் அரசு சூட்டிய பெயர். ஊர் ஒதுக்கத்தான் செய்தது. பலர் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்களை விடுதலை வீரர்கள் பட்டியலில் சேர்க்க அரசுக்கு 2015 வரை ஆனது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்திருந்தார்கள்.