எங்கள் மொட்டை மாடியும் மூவகைச் சூரியத் தகடுகளும்

சென்ற பொங்கல் விடுமுறையில் யான் ஆரணியிலுள்ள எம் இல்லத்துக்குச் சென்றிருந்தபொழுது, என் தந்தையார் தறிக்குழியினின்று எழுந்து வந்து மூன்று வண்ணத் தாள்களை என் கையிற் கொடுத்தார். மொட்டை மாடியிற் சூரிய ஒளியால் மின்சாரம் ஆக்கும் தகடுகளை அமைத்துத் தருவதாகக் கூறி, மூன்று வணிகர் அடுத்தடுத்து வந்து தந்து சென்ற விளம்பரங்கள் அவை. ஒருவர் தம் தகடு ‘மோனோ’ என்றாராம். மற்றொருவர் அதனினும் உயர்ந்த ‘டாப்கான்’ என்றாராம். மூன்றாமவர் பழைய ‘பாலி’ தகட்டை மலிவாகத் தருவேன் என்றாராம். “நீ படிக்கிற பிள்ளை; இவற்றுள் எது நல்லது என்று பார்த்துச் சொல்” என்றார் தந்தையார். பட்டு நெய்து பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டிய காரியம் இது. தொல்காப்பியப் புணரியலோடு போராடிக்கொண்டிருந்த எனக்கு மின்னியலில் யாது பயிற்சி உண்டு? ஆயினும், மறுத்துரைக்க நா எழவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவரை விடாது பற்றிக்கொண்டேன். அவரிடம் கேட்டறிந்தவற்றையும், எங்கள் தெரு மாடிகளில் ஏறி நேரிற் கண்டவற்றையும் கூட்டி இக்கட்டுரையை வரைகின்றேன். நம் மாணாக்கர் பலர் இல்லங்களிலும் இவ்வினா இப்பொழுது எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சூரியத் தகட்டின் உயிர்ப் பொருள் சிலிக்கான். மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இத் தனிமத்தின் மெல்லிய வில்லையில் ஒளி படுங்கால், அதனுள் அடங்கிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் கிளர்ந்து ஒரு திசை நோக்கி ஓடுகின்றன, அவ்வோட்டமே மின்சாரம். ஒளியால் மின்னோட்டம் தோன்றுதலை 1839-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு பெக்கரெல் கண்டறிந்தார். எனினும், பயன்படத்தக்க முதற் சிலிக்கான் வில்லையை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர் மூவரே செய்து காட்டினர். தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அவ்வில்லை மின்சாரமாக்கிற்று.

வணிகர் கூறும் மூவகைக்கும் வேற்றுமை சிலிக்கானின் அமைப்பிலும், வில்லையின் மேலும் கீழும் பூசப்பெறும் நுண்படலங்களிலும் உள்ளது. உருக்கிய சிலிக்கானை அச்சில் வார்த்து உறைய வைத்தால் பல படிகங்கள் கலந்து, நீல நிறத்திற் பளிங்குச் சிதறல்போலத் தோன்றும், இதுவே பாலி. ஒரே படிகமாக வளர்த்து அறுத்தால் கருநிறமான மோனோ கிடைக்கும். மோனோ வில்லையின் பின்புறத்தில் மின்சாரம் வீணாகாதபடி மிக மெல்லிய காப்புப் படலம் இட்டுத் திருத்தியது டாப்கான். ஒளியை மின்னாக மாற்றும் திறன் பாலிக்கு நூற்றுக்கு 15 முதல் 17. இக்காலத்து மோனோவுக்கு 20 அல்லது 21. டாப்கானுக்கு 22-ஐ ஒட்டியது. பாலி இன்று சந்தையில் அருகி வருகின்றது. கண்ணாடிமேற் படலமாகப் படியவைக்கும் வேறொரு வகையும் உண்டு. 2024 சனவரியில் திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் அதற்கெனப் பெரிய ஆலை ஒன்று திறக்கப்பெற்றது. ஆனால் அது பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கில் விரியும் மின் நிலையங்களுக்கே செல்வது. நம் மாடிக்கு வருவதன்று.

இனி, யான் முதலில் தவறாக உணர்ந்து பின்பு திருத்திக்கொண்ட செய்தி ஒன்றைச் சொல்கின்றேன். திறன் 17 உடைய தகட்டினும் 22 உடைய தகடு அந்த அளவுக்கு மிகுதியான மின்சாரம் தரும் என்று எண்ணினேன். அஃது அவ்வாறன்று. நாம் விலை பேசுவது தகட்டின் எண்ணிக்கைக்கன்று, கிலோவாட்டுக்கு. ஒரு கிலோவாட் பாலியும் ஒரு கிலோவாட் டாப்கானும் ஒரே வெயிலில் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரமே தரும். வேற்றுமை அவை அடைத்துக்கொள்ளும் இடத்திலேதான். 330 வாட் பாலித் தகடுகள் ஒன்பதை வைத்து மூன்று கிலோவாட் ஆக்கினால், நடைவழி நீங்கலாகவே 190 சதுர அடி வேண்டும்; 580 வாட் டாப்கான் தகடுகள் ஐந்து வைத்தால் அதே அளவை ஒட்டிவிடலாம்; இடம் 140 சதுர அடி போதும். ஆகவே மாடி குறுகியவன் திறனுக்குப் பொருள் கொடுக்கலாம். மாடி அகன்றவன் அதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

வெப்பத்தின் காரியம் மட்டும் சிறிது வேறு. தகட்டின்மேற் பொறிக்கப்படும் வாட் அளவு, வில்லை 25 பாகை வெப்பத்தில் இருக்கும்பொழுது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. சித்திரை நண்பகலில் ஆரணி மாடியில் வில்லை 65 பாகை வரை கொதிக்கும். வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் பாலி நூற்றுக்கு 0.40 பங்கும், மோனோ 0.35 பங்கும், டாப்கான் 0.30 பங்கும் இழக்கும் என்பது பொதுவான கணக்கு. நாற்பது பாகை ஏறினால், ஆயிரம் வாட் தரவேண்டிய பாலி 840 தரும்; மோனோ 860; டாப்கான் 880. முதலுக்கும் கடைக்கும் வேற்றுமை நாற்பது வாட். நம் பாட்டன்மார் காலத்துக் குண்டு பல்பு ஒன்றை எரிக்கும் அளவு! இதற்காகத் தெருவில் நின்று வாதிடும் வணிகரைக் கண்டு சிரிப்பு வந்தது. தகட்டைத் தளத்தோடு ஒட்டாமல் ஓரிரு அடி உயர்த்திக் காற்று அடியிற் புகுமாறு விட்டால், எந்த வகைக்கும் சூடு சிறிது தணியும்.

மெய்யான இழப்பு எங்குள்ளது என்பதைத் தை மாதத்தில் அடுத்த தெரு வீடொன்றிற் கண்டேன். அவ்வீட்டார் நான்கு தகடுகள் கொண்ட இரண்டு கிலோவாட் அமைப்பை நல்ல மோனோவிலேயே போட்டிருந்தனர். கோடையில் நாளொன்றுக்கு எட்டு யூனிட் வந்தது. மார்கழி பிறந்ததும் ஐந்தும் வரவில்லை. “தகடு கெட்டுப்போயிற்று” என்று வீட்டுக்காரர் நொந்துகொண்டார். மாடியேறிப் பார்த்தோம். தகடுகளுக்குத் தெற்கே கருநிறத் தண்ணீர்த் தொட்டி. அதன் நிழல் நண்பகலில் இரண்டு தகடுகளின் கீழ்மூலையை மூடியிருந்தது. அமைத்தவர்கள் வந்தது ஆடி மாதத்தில். அப்பொழுது அவ்விடத்தில் நிழலே இல்லை.

இதன் காரணம் விளக்கத்தக்கது. ஆரணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகைக்குச் சற்று மேல் உள்ளது. ஏப்ரல் இறுதியில் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருவான். பின்பு வடக்கே சாய்ந்து, ஆகஸ்டு நடுவைக் கடந்து மீண்டும் உச்சிக்கு வருவான். அவ்விடைக்காலத்தில் நிழல் தெற்கே விழும். டிசம்பரிலோ அவன் தெற்கே தாழ்ந்து, நண்பகலிலும் 54 பாகை உயரமே ஏறுவான். அப்பொழுது ஐந்தடி உயரத் தொட்டியின் நிழல் மூன்றரை அடிக்கு மேல் வடக்கே நீளும். ஆடியில் இடம் பார்த்தவன் மார்கழியை நினையாது போனான்.

மூலையில் விழும் நிழல் இத்துணை கெடுதி செய்வானேன் எனின், தகட்டினுள் வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. ஒரே வாய்க்காலில் ஓடும் நீரை ஓரிடத்தில் மடை கட்டினால் கடைமடை வரை வற்றுவதுபோல, நிழல்பட்ட ஒரு வில்லை தன் தொடரிலுள்ள எல்லாவற்றின் ஓட்டத்தையும் குறைத்துவிடும். தடைப்பட்ட பகுதியை விலக்கி மின்சாரம் சுற்றிச் செல்லத் தகட்டின் பின்புறம் டையோடுகள் உள்ளன, பெரும்பாலும் மூன்று. அவை தகட்டைக் காக்கும். ஆனால் விலக்கப்பட்ட பகுதியின் மின்சாரம் போனது போனதே. வில்லைகளைப் பாதியாக அறுத்து இரு கூறாக இணைக்கும் புதிய தகடுகளில் இழப்புச் சற்றுக் குறையும். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி இன்வெர்ட்டர் வைக்கும் முறையும் உண்டு, செலவு மிகுதி. அவ்வீட்டார் பிளம்பரை அழைத்துத் தொட்டியை வடபுறத்துக்கு மாற்றினர். தகடு நலமாகவே இருந்தது.

எங்கள் ஊர்க்கே உரிய இடர் மற்றொன்று: அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல். காலையில் துணி உலர்த்தும் பெண்டிர்க்கு இதைப்பற்றி யான் சொல்லவேண்டுவதில்லை. மழையில்லாத மாதங்களில் அது தகட்டின்மேற் படலமாகப் படியும். வாரம் ஒருமுறையேனும் கழுவ வேண்டும். அதுவும் விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்பொழுதே. சுடுகண்ணாடியில் தண்ணீர் கொட்டலாகாது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வெண்படிவு விடுமாதலின், கழுவியபின் துடைத்தெடுப்பது நன்று.

என் அன்னையாரோ, “வடகம் எங்கே காயப்போடுவது?” என்று கேட்டார். நகையாட்டன்று, ஆளுயரத்துக்கு மேல் கால் நட்டு, மேலே தகடும் கீழே புழங்கும் இடமுமாக அமைப்பதும் உண்டு. ஆனால் தகடு உயர உயரக் காற்று அதனைப் பாய்மரம்போற் பிடித்துத் தூக்கும். 2024 நவம்பர் இறுதியிற் புதுச்சேரியருகே கரை கடந்த பெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்தையும் விடவில்லை. அத்தகைய காற்றைத் தாங்கக் கால்களைத் தளத்தோடு உறுதியாகப் பிணிக்க வேண்டும். தளத்தைத் துளைத்தால் மழைநீர் கசியாதபடி அடைப்பதும் வேண்டும்.

போலியையும் கண்டறிதல் வேண்டும். பட்டையும் செயற்கை இழையையும் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் அரிது. எங்கள் தெருவில் ஓரிழையைக் கொளுத்தி மயிர் கருகும் மணம் வருகிறதா, சாம்பல் விரலில் நொறுங்குகிறதா என்று பார்ப்பர். வாங்குவோர்க்கெனப் பட்டு முத்திரை 2004-இல் வந்தது. தகட்டைக் கொளுத்திப் பார்க்க இயலாது. பின்புறத்துச் சீட்டில் ஐ.எஸ். 14286 என்னும் இந்தியத் தர எண்ணும், தகட்டின் வரிசை எண்ணும் உள்ளனவா என்று நோக்கவேண்டும். அரசின் மானியம் பெறுவதற்கு வில்லையே இந்தியாவிற் செய்ததாயிருத்தல் வேண்டும். வெளிநாட்டு வில்லையை இங்குக் கோத்துக் கட்டியது செல்லாது. மூன்றாம் வணிகரின் மலிவு எதனால் என்பது இங்கே விளங்கிற்று.

மானியம் என்றேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தின்படி, முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் கிடைக்கும். மூன்றுக்கு மேல் எத்துணை அமைப்பினும் அவ்வளவே. முழுப் பணத்தையும் முதலிற் கட்டி அல்லது கடன்பட்டு அமைத்து, மின்வாரிய இணைப்பும் பெற்ற பின்னரே இத்தொகை வங்கிக்கணக்கில் வரும் என்பதை வணிகர் மெல்லிய குரலிற் சொல்வர். பாட்டரி இல்லாத அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும் என்பதையும் அவ்வாறே. கம்பியிற் பழுது பார்ப்பவர் உயிர்க்குத் தீங்கு வாராதிருக்கவே இன்வெர்ட்டர் அங்ஙனம் செய்யப்பட்டுள்ளது.

இவ்வளவும் அறிந்தபின், சென்ற மே மாதம் மின்கட்டண அட்டையோடு தந்தையாரிடம் அமர்ந்தேன். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள் அடங்கும்; 500-ஐக் கடந்தால் எட்டு ரூபாய்க்கு மேற்படும்; ஆயிரத்தைக் கடந்தால் பதினொன்றுக்கும் மேல். ஆகவே சூரியத் தகடு மிச்சப்படுத்துவது எந்த யூனிட்டை என்பதே கேள்வி. எங்கள் சிற்றப்பா வீட்டில் குளிர்பதனப் பெட்டியும் கடையும் சேர்ந்து எழுநூறு யூனிட் ஆகும். கட்டணம் நான்காயிரத்தை நெருங்கும். கிலோவாட் ஒன்று நாளுக்கு நான்கு யூனிட் தருமாகலின், மூன்று கிலோவாட் இரு மாதத்தில் எழுநூற்றிருபது தரும். அவருக்குச் சொன்ன விலை 1,80,000. மானியம் போக 1,02,000. ஆண்டுக்கு இருபத்து மூவாயிரம் மிஞ்சினால், நாலரை ஆண்டில் முதல் திரும்பும். தகடோ இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்.

எங்கள் வீடு அவ்வாறன்று. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச்சு முதல் 300 ஆயிற்று. தறிமேல் எரியும் விளக்குகள், இரண்டு மின்விசிறிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி: எங்கள் அட்டையில் 270-ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட இல்லை. கட்டணமே இல்லாத வீட்டில் எதை மிச்சப்படுத்துவது? எவ்வகைத் தகடாயினும் எங்களுக்கு நட்டமே என்றேன்.

தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “சிற்றப்பனிடம் தொட்டி நிழலைச் சொல்லிவிட்டு வா” என்று கூறி, மூன்று தாள்களையும் மடித்துச் சரிகைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். மறுநாள் அன்னையார் மாடியில் வடகம் பிழிந்தார்.