தரமணியில் ஒரு ‘புரோட்டான்’ மருத்துவமனை: அந்தப் பெயருக்குள் இருக்கும் துகள் என்ன செய்கிறது?

கீழ்க்கட்டளை சிக்னலில் ரேடியல் ரோட்டைப் பிடித்துக் கிழக்கே போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதைத் தாண்டினால் துரைப்பாக்கம். அங்கே ஓ.எம்.ஆரில் இடதுபக்கம் திரும்பினால் தரமணி. அங்குதான் இருக்கிறது அப்போலோ புரோட்டான் கேன்சர் சென்டர். 2019 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் இது.

அந்தப் பெயரை இந்தப் பக்கத்துக்காரர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். ஆனால் ‘புரோட்டான்’ என்பது மருந்தா, மிஷினா, கம்பெனி பெயரா என்பதில் குழப்பம் உண்டு. மூன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் படித்துவிட்டு மறந்துபோன அதே புரோட்டான்தான். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, “சாதாரண கரண்ட் வைக்கிறதா, புரோட்டான் வைக்கிறதா?” என்ற கேள்வி வந்து நிற்கும்போது அந்தப் பாடம் திடீரென்று தேவைப்படுகிறது.

அணுவுக்குள் என்ன இருக்கு?

ஓர் அணுவைக் கீழ்க்கட்டளை ஏரி அளவுக்குப் பெரிதாக்கினால், நடுவில் இருக்கும் அணுக்கரு ஒரு சுண்டைக்காய் அளவுதான் வரும். மீதி இடமெல்லாம் எலெக்ட்ரான்கள் திரியும் வெளி. ஆனால் அணுவின் எடையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அந்தச் சுண்டைக்காயில்தான் இருக்கிறது. அதற்குள் இருப்பவை நேர் மின்சுமை கொண்ட புரோட்டான்களும், மின்சுமையே இல்லாத நியூட்ரான்களும். ஒரு புரோட்டானின் எடை ஓர் எலெக்ட்ரானைப் போல 1,836 மடங்கு.

ஒரு பொருள் எது என்பதை முடிவு செய்வது புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டும்தான். ஒன்று இருந்தால் ஹைட்ரஜன், 6 என்றால் கார்பன், 26 என்றால் இரும்பு. நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் எடைதான் மாறும். எலெக்ட்ரான் போனாலும் வந்தாலும் மின்சுமைதான் மாறும். பெயர் மாறாது. புரோட்டான் ஒன்று மாறினால் ஆளே மாறிவிடும்.

பாதரசத்தைத் தங்கமாக்கும் ரசவாதம் பற்றிச் சித்தர் கதைகளில் கேட்டிருப்போம். பாதரசத்தில் 80 புரோட்டான், தங்கத்தில் 79. வித்தியாசம் ஒன்றே ஒன்று! ஆனால் அடுப்பாலும் மூலிகையாலும் அந்த ஒன்றை எடுக்க முடியாது. வேதிவினை எல்லாமே எலெக்ட்ரான்களோடு நின்றுவிடும், அணுக்கருவைத் தொடாது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒன்றையொன்று உரசும் தூரத்தில் ஓடவிட்டபோது, சிலவற்றில் மூன்று புரோட்டான்கள் கழன்று விழுந்தன. 82 போய் 79. 2015 முதல் 2018 வரை அப்படி உருவான தங்க அணுக்கருக்கள் சுமார் 8,600 கோடி என்று அங்குள்ள ஆலிஸ் ஆய்வுக்குழு 2025-ல் அறிவித்தது. எடை? 29 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் 29 பங்கு. மூக்குத்திக்குக்கூடத் தேறாது.

நேர் மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். பிறகு எப்படி 79 புரோட்டான்கள் அவ்வளவு சின்ன இடத்தில் அடைந்து கிடக்கின்றன? மிக மிக அருகில் மட்டும் வேலை செய்யும் ‘வலிமையான அணுக்கரு விசை’ அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, நியூட்ரான்கள் அதற்குத் துணை. ஈயத்துக்கு மேலே போனால் அந்தப் பிடி போதாது. அதனால்தான் யுரேனியம் தானாகவே சிதைகிறது.

இந்தத் துகளுக்கு ‘புரோட்டான்’ என்று பெயர் வைத்தவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு, 1920-ல்.

சரி, இதை வைத்து எப்படி வைத்தியம்?

வழக்கமான கதிர்வீச்சு சிகிச்சையில் பயன்படுவது அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்-ரே. பீச்சிலிருந்து கிளம்பும் லோக்கல் ட்ரெயின் வழியெல்லாம் ஆளை இறக்கிக்கொண்டே போகிற மாதிரி, அது தோலுக்குக் கொஞ்சம் உள்ளே தொடங்கி, கட்டியைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறும் வரை ஆற்றலை இறக்கிக்கொண்டே போகும். புரோட்டான் அப்படியில்லை. எடையும் மின்சுமையும் உள்ள துகள் என்பதால், வேகமாக ஓடும்போது கொஞ்சமாகத்தான் இறக்கும். வேகம் குறையக் குறைய அதிகம் இறக்கும். கடைசி ஸ்டேஷனில் மொத்தக் கூட்டத்தையும் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் புரோட்டான் போகாது. இதற்குப் ‘பிராக் உச்சம்’ என்று பெயர். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-லேயே எழுதியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன்.

கடைசி ஸ்டேஷன் எது என்பதை புரோட்டானின் வேகத்தை வைத்து டாக்டர்கள் முடிவு செய்யலாம். ஹைட்ரஜன் வாயுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தால் மிஞ்சுவது புரோட்டான். அதை சைக்ளோட்ரானில் சுற்றவிட்டு வேகம் ஏற்றுகிறார்கள். தரமணியில் உள்ளது 230 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை தரும் இயந்திரம். அந்த ஆற்றலில் புரோட்டான், ஒளியின் வேகத்தில் சுமார் 60 சதவீதத்தைத் தொடும். உடலுக்குள் 30 சென்டிமீட்டருக்கும் மேல் போகும்.

இதனால் அதிகப் பலன் யாருக்கு? முக்கியமாகக் குழந்தைகளுக்கு. மூளையிலும் தண்டுவடத்திலும் பரவும் கட்டிக்கு முதுகு வழியாக எக்ஸ்-ரே கொடுத்தால், முன்பக்கம் உள்ள இதயம், நுரையீரல், குடல் எல்லாம் அதன் பாதையில் வரும். வளர்கிற உடம்பு அது. பாதிப்பு பல வருஷம் கழித்துக்கூடத் தெரியவரலாம். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுகொள்ளும். கண், மூளைத்தண்டு பக்கத்தில் ஒட்டியிருக்கும் கட்டிகளுக்கும் இதே காரணம்தான்.

ஆனால் ‘புதுசு, காஸ்ட்லி, அதனால் பெஸ்ட்’ என்ற கணக்கு இங்கே எப்போதும் செல்லாது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 450 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. நவீன எக்ஸ்-ரே சிகிச்சைக்கும் புரோட்டானுக்கும் பக்கவிளைவிலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இன்னொரு சிக்கல், நோயாளி சிகிச்சைக்கு நடுவே இளைத்துவிட்டால் கடைசி ஸ்டேஷன் இடம் மாறிவிடும். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

செலவு, வழக்கமான கதிர்வீச்சைவிடப் பல மடங்கு கூட வரலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: “இந்தக் கட்டிக்குப் பின்னால் காப்பாற்ற வேண்டிய உறுப்பு எது? எக்ஸ்-ரேயில் அதற்கு எவ்வளவு போகும், புரோட்டானில் எவ்வளவு?” இரண்டு திட்டத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டுக் காட்ட முடியும். தனியாரை விட்டால், மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழ் வரும் டாடா நினைவு மையமும் நவி மும்பை கார்கரில் 2023 முதல் புரோட்டான் சிகிச்சை தருகிறது.