வசனம் எழுதாமலே ஒரு நாடகம்!

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா களை கட்டிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாயும் தலையணையுமாக, தூங்கி வழிகிற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு 'வள்ளி திருமணம்' பார்க்கப் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

அந்த மேடையில் ஒரு விந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைத்து வருவார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்துத் தந்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். மற்றபடி நாரதர் ஒன்று கேட்க, வள்ளி ஒன்று சொல்ல, தர்க்கம் மேடையிலேயே வளரும். இதுதான் ஸ்பெஷல் நாடகம். எதிராளி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் பதில் வரும். கூட்டு நடிப்பின் முதல் பாடமே அதுதான்.

கதையும் நம்முடையதே

இதற்கு அடுத்த படி, கதையையே நடிகர்கள் கூடி உருவாக்குவது. பாரிஸில் 'தியேத்ர் து சொலேய்' என்ற குழு, பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய '1789' என்ற நாடகத்தை 1970-ல் இப்படித்தான் நடித்து நடித்துப் பார்த்து உருவாக்கியது. நம் தமிழ்நாட்டில் 1990-களில் அ. மங்கையும் 'வாய்சிங் சைலன்ஸ்' குழுவினரும் பெண் சிசுக் கொலையை எடுத்துக்கொண்டு 'பச்ச மண்ணு' நாடகத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த காலம் அது. வீட்டுக்குள் முணுமுணுத்த விஷயம் ஊர் நடுவே பேசப்பட்டது.

நாமும் செய்யலாமா?

"எனக்கென்னங்க நடிக்கத் தெரியும்?" என்று தயங்காதீர்கள். ஆறேழு பேர், ஒரு மத்தியான வேளை, வளவில் விரித்த ஒரு பாய் போதும்.

முதல் நாள் பழகுவதற்கு மட்டும். வட்டமாக உட்கார்ந்து, பேசி வைத்துக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து இருபதுவரை ஆளுக்கொரு எண்ணாகச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. சிரிப்பு தாங்காது! ஆனால் அடுத்தவர் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

பிறகு ஒரு விஷயம். உதாரணத்துக்கு, பிள்ளை பெற்ற வீட்டில் முதல் மாதம். ஒருவர் நடந்ததைச் சொல்லட்டும். மற்றவர்கள் பேசாமல் சிலைபோல் நின்று அந்தக் காட்சியைக் காட்டட்டும். பிறகு ஒவ்வொரு சிலையும் ஒரே ஒரு வரி பேசட்டும். "பிள்ளை அழுதா எல்லாரும் ஓடி வர்றாக; நான் அழுதா ஒருத்தரும் வரலை" என்று ஒரு வரி வந்து விழுந்தால், நாடகம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து வேஷத்தை மாற்றுங்கள். மாமியாராக நின்றவர் மருமகளாகட்டும், மருமகள் மாமியாராகட்டும். நேற்றுவரை குற்றமாகத் தெரிந்தது இன்று களைப்பாகத் தெரியும். நன்றாக வந்ததை ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்ள, மற்றதை விட்டுவிடலாம். சில வாரங்களில் பதினைந்து நிமிஷ நாடகம் கையில் இருக்கும்.

இதை மறக்க வேண்டாம்

சொன்னவர் வேண்டாமென்றால் அந்தக் காட்சி வேண்டாம்தான். பேரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். பாயில் கேட்டது பாயோடு இருக்கட்டும்; குழாயடிக்குப் போகக் கூடாது. இந்த நம்பிக்கை உடைந்தால் குழுவும் உடைந்துவிடும்.

இன்னொன்று: பிரசவமான சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் நாடகம் மருந்தாகாது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆனால், "இவளுக்கு உதவி வேணும்" என்று நாலு பேருக்குத் தெரிய வைத்ததே அந்தப் பாயாக இருக்கலாம்.

மேடை ஏறுகிற பெண்ணை ஊர் ஏளனமாகப் பேசிய காலத்திலும், விடிய விடிய நின்று நாரதருக்குச் சுடச்சுடப் பதில் சொன்னாள் ஸ்திரீபார்ட். நம் வளவில், நம் மனுஷிகள் நடுவே, ஒரு வரி பேச நமக்கென்ன தயக்கம்?