புருனேவலில் கழற்றப்பட்ட ராடார்

பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்துக்கு வடக்கே, புருனேவல் என்ற கடலோரச் சிற்றூர். 1942 பிப்ரவரி 27 இரவு, மேஜர் ஜான் ஃபிராஸ்ட் தலைமையில் சுமார் 120 பிரிட்டிஷ் வீரர்கள் அங்கே பாராசூட்டில் இறங்கினார்கள். அவர்களுள் ஃபிளைட் சார்ஜென்ட் காக்ஸ் மட்டும் வேறு வகை. போருக்கு முன் சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர், விமானப்படையில் சேர்ந்து ராடார் மெக்கானிக் ஆனவர். இந்த வேலைக்கு முன்வரும்வரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஆபத்தான வேலை என்று தெரிந்தே முன்வந்தார்.

அவர் தேடிப்போனது ஜெர்மானியரின் வூர்ஸ்பர்க் ராடார். ரேடியோ துடிப்பை அனுப்பி, விமானத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி வந்து சேரும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். ஒரு மில்லி விநாடியில் திரும்பினால் விமானம் 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. திசையைத் துல்லியமாக அறிவதுதான் கடினம். பிரிட்டனின் தொடக்ககாலக் கடலோர ராடார்கள் 10 மீட்டருக்கும் அதிகமான அலைநீளத்தில் இயங்கியதால், அவற்றுக்கு 110 மீட்டர் உயரக் கோபுரங்கள் தேவைப்பட்டன. வூர்ஸ்பர்க்கின் அலைநீளமோ 53 செ.மீ. மூன்று மீட்டர் அகலக் கிண்ணமே அலையைக் குறுகிய கற்றையாகக் குவித்துவிடும். பீரங்கியைக் குறிவைக்க உதவவே அது உருவாக்கப்பட்டது.

காக்ஸும் பொறியியல் படையின் லெப்டினன்ட் வெர்னனும் டார்ச் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கினார்கள். வெர்னன் படமெடுத்த ஃபிளாஷ் ஒளியைப் பார்த்து ஜெர்மானியர்கள் சுட்டார்கள். கருவியின் மீதே குண்டுகள் பட்டன. ஆன்டெனாவின் நடுப்பகுதியை ரம்பத்தால் அறுத்தாயிற்று. திருகுகளைக் கழற்ற நேரமில்லாத இடத்தில் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று அந்தச் சில நிமிடங்களில் முடிவெடுக்க, ராடாரைப் பிரித்து மாட்டிப் பழகிய கை வேண்டும். துப்பாக்கி பிடித்த எத்தனை பேர் போயிருந்தாலும் அது நடந்திருக்காது. பாகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்கு இழுத்துச் சென்று, படகில் பிரிட்டன் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இருவர் இறந்தனர். ஆறு பேர் பிடிபட்டனர்.

பிரித்துப் பார்த்த விஞ்ஞானிகள் அதன் நேர்த்தியைக் கண்டு வியந்தார்கள். தனித்தனிப் பெட்டிகளாக அமைந்திருந்ததால், பழுதானதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். வழக்கமான ரேடியோ இடையூறுகளால் அதை முடக்குவது கடினம் என்பதும் தெரிந்தது. அதை ஏமாற்ற வேறொரு வழி இருந்தது: அலைநீளத்தில் பாதியளவு, அதாவது சுமார் 27 செ.மீ. நீள உலோகத் தாள் துண்டுகளை வானில் கொட்டினால், ஒவ்வொன்றும் வலுவான எதிரொலி தரும்; திரை முழுக்கப் பொய் விமானங்களாகிவிடும். 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது பிரிட்டிஷ் விமானப்படை முதன்முதலாக அதைச் செய்தது. ராடார்கள் குருடாயின. அன்று தொடங்கிய தாக்குதல்களில் அந்நகரில் 30,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

காக்ஸுக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. ராடாரின் கதையை எழுதுகிறவர்கள் அதை உருவாக்கிய வாட்சன்-வாட் போன்ற விஞ்ஞானிகளோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வரிசையில் இந்த மெக்கானிக்கின் பெயரும் இடம்பெற வேண்டும்.